ஸ்டானெஜ் விளிம்பில் ஒரு கிளப் நாள்: 14 பேர், 3 கயிறு, ஒரு தவறான பை

காலையில் மூர் எனும் மேட்டுப் புதர்வெளியில் நடை, மதியம் பாறையேற்றம், மாலையில் மறுபடி நடை, இருட்டுவதற்குள் ரயில். இங்கிலாந்தின் மலையேற்றக் கிளப்கள் அடிக்கடி போடும் திட்டம் இது. நடப்பவர்களும் ஏறுபவர்களும் ஒரே கிளப்பில் சந்தா கட்டினாலும் ஒருவரையொருவர் பார்ப்பது அரிது. இரு தரப்பையும் ஒரு நாளாவது சேர்த்துவைக்க வேண்டும் என்று செயற்குழுவில் யாராவது சொல்வார்கள். அதன் பிறகு தேதி குறிப்பதுதான் பாக்கி.

ஆய்வுக்கு எடுத்திருப்பது குறிப்பிட்ட ஒரு கிளப்பின் குறிப்பிட்ட ஒரு சனிக்கிழமை அல்ல. இத்தகைய நாள்களில் திரும்பத் திரும்ப நடப்பவற்றைக் கோத்துக் கட்டிய நாள் இது. 14 பேரும் மாதிரி ஆட்கள். இடம் மட்டும் நிஜம்: பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவில், ஹேதர்சேஜ் ஊருக்கு மேலே நிற்கும் ஸ்டானெஜ் விளிம்பு. காலம் செப்டம்பர் கடைசி வாரம்.

இடம் ஏன் இது

1951-இல் அறிவிக்கப்பட்ட பீக் டிஸ்ட்ரிக்ட்தான் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா. அதன் கிழக்கு ஓரத்தில், ஷெஃபீல்டு நகருக்குப் பக்கத்தில், ஐந்தாறு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே பாறைச் சுவராக ஓடுகிறது ஸ்டானெஜ். மேலே சமதளமான மூர், கீழே பெரணிச் சரிவு, இரண்டுக்கும் நடுவே 10 முதல் 20 மீட்டர் வரை செங்குத்தான கிரிட்ஸ்டோன். விளிம்பின் உச்சியான ஹை நெப் 458 மீட்டர். தெற்கு முனையில் உள்ள நில அளவைத் தூண் நிற்கும் இடம் 457 மீட்டர். அதாவது ஒருமுறை மேலே ஏறிவிட்டால் பிறகு பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது. நடைக்காரர்களுக்கு விளிம்போரமாகவே பாதை, ஏறுபவர்களுக்கு அதே பாதைக்குக் கீழே பாறை. இரண்டும் இவ்வளவு நெருக்கமாக அமைந்த இடம் குறைவு.

கிரிட்ஸ்டோன் என்பது 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு ஆற்று முகத்துவாரங்களில் படிந்த கரடுமுரடான மணற்கல். ஏறுபவர்களுக்கு வெகு முன்பே மாவரைக்கும் எந்திரக்கல் வெட்ட ஆட்கள் இங்கே வந்தார்கள். வெட்டி முடித்து எடுத்துப் போகாமல் விட்ட வட்டக் கற்கள் விளிம்பின் அடிவாரத்தில் இன்றும் கிடக்கின்றன. தேசியப் பூங்காவின் சின்னமே அந்தக் கல்தான். மேலே பாறைத் தளத்தில் எண் செதுக்கிய சிறு தொட்டிகளைப் பார்க்கலாம். குரௌஸ் பறவைக்குக் குடிநீர் தேங்குவதற்காக வேட்டைக் காவலர்கள் வெட்டுவித்தவை. பறவைக்குத் தண்ணீர் வைத்த அதே காவலர்கள்தான் அந்நாளில் நடக்க வந்தவர்களையும் ஏற வந்தவர்களையும் விரட்டினார்கள். 2000-ஆம் ஆண்டின் நாட்டுப்புற அணுகல் சட்டத்தால் இன்று இங்கே காலால் நடக்கச் சட்டப்படி உரிமை உண்டு. அந்த உரிமைக்கும் நிபந்தனை இருக்கிறது: மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயைக் கயிற்றில் பிடித்துத்தான் நடக்க வேண்டும்.

வசந்தத்தில் இதே திட்டத்தைப் போடுபவர்கள் ரிங் ஊசல் என்ற பறவையையும் கணக்கில் வைக்க வேண்டும். மார்பில் வெள்ளைப் பிறை போட்ட, கரிச்சான் அளவுள்ள இந்தப் பறவை பாறை இடுக்குகளிலும் ஹெதர் புதரிலும் கூடு கட்டும். கூடு இருக்கும் பகுதியில் அறிவிப்புப் பலகை வைப்பார்கள். அங்கே ஏறுவதைத் தவிர்ப்பது கட்டாயச் சட்டம் அல்ல, ஏறுபவர்கள் தாங்களே ஒப்புக்கொண்ட ஏற்பாடு. செப்டம்பரில் இந்தச் சிக்கல் இல்லை. செப்டம்பரில் இருப்பது குரௌஸ் வேட்டை: ஆகஸ்ட் 12 முதல் டிசம்பர் 10 வரை. பின்புற மூரில் வெடிச்சத்தம் கேட்டால் பாதையை விட்டு ஹெதருக்குள் இறங்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை அந்த வேட்டைக்குச் சட்டத்தில் இடமில்லை என்பதால் சில கிளப்கள் ஞாயிறையே தேர்ந்தெடுக்கின்றன. ஆனால் ஞாயிறு பாறையில் கூட்டம் அதிகம்.

போட்ட திட்டம்

மூன்று பேர் பாறையில் அனுபவசாலிகள். உச்சியில் கயிறு கட்டிக் கீழே தொங்கவிடத் தெரிந்தவர்கள். இன்னும் மூவருக்கு உள்ளரங்கச் சுவரில் பிலே, அதாவது ஏறுபவர் விழாமல் கீழே நின்று கயிற்றைப் பிடிக்கும் வேலை, பழக்கம். மீதி எட்டுப் பேர் நடைக்காரர்கள். அதில் ஐவர் வாழ்நாளில் ஹார்னஸ் (கயிற்றைக் கட்ட இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டை) போட்டதில்லை. ஷெஃபீல்டிலிருந்து ஹோப் வேலி ரயிலில் ஹேதர்சேஜ் வந்து 9:20-க்குக் கிளம்புவது. நார்த் லீஸ் ஹால் வழியாக பிளாண்டேஷன் காட்டுக்குப் போய், அங்கிருந்து பழைய கற்பாவுப் பாதையில் 11 மணிக்கு விளிம்பின் மேல் ஏறுவது. சுமார் 5 கிலோமீட்டர், 280 மீட்டர் ஏற்றம்.

நேரம் கணக்கிட நெய்ஸ்மித் விதியை எடுத்துக்கொண்டார்கள். 1892-இல் ஸ்காட்லாந்தின் வில்லியம் நெய்ஸ்மித் சொன்னது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இதன்படி 60 நிமிடமும் 28 நிமிடமும் சேர்ந்து 88. கழிப்பறைக்கும் சட்டை கழற்றவும் சேர்த்து 100 நிமிடம் வைத்தார்கள். 14 பேர் கொண்ட கூட்டத்துக்கு இது இறுக்கமான கணக்குதான். ஒவ்வொரு வேலிப் படியிலும் கடைசி ஆள் தாண்ட இரண்டு நிமிடம் போகும்.

திட்டத்தின் புத்திசாலித்தனம் அடுத்த பகுதியில் இருந்தது. மேலே ஏறியதும் கூட்டம் இரண்டாகப் பிரியும். அனுபவசாலிகளும் உதவியாளர்களுமாக ஆறு பேர் தென்கிழக்கே நடந்து, விளிம்பின் தெற்குப் பகுதியான பாப்புலர் எண்ட் போய்க் கயிறு கட்டுவார்கள். எட்டுப் பேர் வடமேற்கே ஹை நெப் போய்த் திரும்பி, விளிம்போரமாகவே நடந்து 12:45-க்கு வந்து சேர்வார்கள். மூன்று கயிறும் தொங்கிக்கொண்டிருக்கும், காத்திருப்பு இல்லை. கயிறு கட்டும் நேரத்தை நடை விழுங்கிவிடும். நடையையும் ஏற்றத்தையும் சேர்க்கும் எந்த நாளுக்கும் இந்த ஏற்பாடு நல்லது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிறகு 12:45 முதல் 15:30 வரை ஏறுவது, 25 நிமிடத்தில் கயிறுகளை அவிழ்ப்பது, அளவைத் தூண், அப்பர் பர்பேஜ் பாலம், 434 மீட்டர் உயரமுள்ள ஹிக்கர் டோர் குன்று வழியாக 18:00-க்கு ரயில் நிலையம். செப்டம்பர் கடைசியில் சூரியன் ஏழு மணியளவில் மறைகிறது. ஒரு மணி நேரம் கையிருப்பு.

நடந்தது

கிளம்பியது 9:45. ரயில் நிலைய வாசலில் சாமான் பங்கு போட்டதில் 25 நிமிடம் கரைந்தது. மேலே ஏறியது 11:35. முதல் கயிறு தொங்கியது 12:50. நடைக்காரர்கள் வந்து சேர்ந்தது 13:15. இரண்டாவது கயிறு 13:20. மூன்றாவது 13:55. 14 மணிக்குள் மூன்று பேருக்குக் குளிரில் பல் அடித்துக்கொண்டது. அதில் ஒருவர் ஏறாமலே இருந்துவிட்டார். கடைசி ஆள் இறங்கியபோது 16:20. ஹிக்கர் டோரைக் கைவிட்டு ஹூக்ஸ் கார் வண்டி நிறுத்தம் வழியாக நேரே ஊருக்கு இறங்கினார்கள். காயம் ஒன்றுமில்லை. ஆனால் எட்டு நடைக்காரர்களில் பாதிப்பேர் அடுத்த முறை வர யோசிப்பார்கள்.

மூன்றாவது கயிறு ஏன் 13:55? அந்தக் கயிறு ஹை நெப் போய்விட்டு வந்தது. காலையில் எடை பங்கு போட்டபோது தெம்பான ஒரு நடைக்காரரின் பையில் வைத்தார்கள். பிரியும் இடத்தில் யாரும் கேட்கவில்லை. அவர் திரும்பி வந்த பிறகுதான் கட்டத் தொடங்கினார்கள்.

எடைக் கணக்கு

10 மில்லிமீட்டர் ஏறுகயிறு மீட்டருக்குச் சுமார் 65 கிராம். 50 மீட்டருக்கு 3.25 கிலோ. மூன்று கயிறு கிட்டத்தட்ட 10 கிலோ. மேலே நங்கூரம், அதாவது ஏறுகயிறு தொங்குவதற்கான பிடிமானம், கட்ட 11 மில்லிமீட்டர் நீளாக்கயிறு (இழுத்தாலும் அதிகம் நீளாத கயிறு), ஒவ்வொன்றும் 40 மீட்டர். ஒன்று 3 கிலோ, மூன்று 9 கிலோ. பாறை இடுக்கில் செருகும் உலோகத் துண்டுகளான நட்டு, ஹெக்ஸ், கேம், பட்டை வளையமான ஸ்லிங், கொக்கி வளையமான காரபைனர் எல்லாம் சேர்ந்த இரண்டு தொகுப்பு 6 கிலோ. ஆகப் பொதுச் சாமான் 25 கிலோ. ஹெல்மெட்டும் ஹார்னஸும் ஆளுக்கு 700 கிராம்.

25 கிலோவை 14 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 1.8 கிலோ. ஜனநாயகம்தான். ஆனால் 11 மணிக்குப் பிறகு அந்தச் சாமான் தேவைப்படுவது ஆறு பேருக்கு. அவர்களே சுமந்தால் ஆளுக்கு 4 கிலோவுக்குச் சற்று மேல். தாங்கமுடியாத எடை இல்லை. ஏற்றத்தில் எட்டுப் பேரும் உதவலாம் என்றால், பிரியும் இடத்தில் எல்லாப் பையையும் திறந்து ஆறு பேரிடம் கொடுத்த பிறகே நகர வேண்டும். இதற்கு ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடித்ததற்குக் கொடுத்த விலை ஒரு கயிற்றின் முக்கால் மணி நேரம்.

பங்கு போடுவதை ரயில் நிலையத்தில் வைத்துக்கொள்ளவே கூடாது. முதல்நாள் மாலை ஒருவர் வீட்டில் மூன்று பொட்டலமாகக் கட்டவேண்டும்: ஒவ்வொரு பொட்டலத்திலும் ஓர் ஏறுகயிறு, ஒரு நீளாக்கயிறு, அந்த ஒரு நங்கூரத்துக்கு வேண்டிய உலோகச் சாமான், இரண்டு விளிம்புக் காப்பு. பொட்டலம் தானே முழுமையாக இருந்தால் ஒன்று தாமதித்தாலும் மற்ற இரண்டும் நிற்காது. கயிறு ஒரு பையில், காரபைனர் இன்னொரு பையில் என்று பிரித்தால், எந்தப் பை தாமதித்தாலும் மூன்றும் நிற்கும்.

ஹார்னஸிலும் ஒரு கஞ்சத்தனம் நடந்தது. 14 பேருக்கு 9 ஹார்னஸ்தான் எடுத்துப் போனார்கள், மாற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்று. புதியவர் ஒருவர் ஹார்னஸைக் கழற்றி இன்னொரு புதியவர் போட்டு, இடுப்புப் பட்டை இறுக்கி, கால் பட்டை சரிசெய்து, அதை ஒருவர் சோதித்து முடிக்க ஐந்து நிமிடம் சாதாரணமாகப் போகும். மழைச்சட்டைக்கு மேலே போட்டதா கீழே போட்டதா என்பதில் இன்னும் இரண்டு. 400 கிராம் மிச்சம் பிடித்து ஒவ்வொரு முறைக்கும் ஐந்து நிமிடம் இழப்பது நல்ல வியாபாரம் அல்ல.

கயிறு கட்ட ஏன் இவ்வளவு நேரம்

உள்ளரங்கச் சுவரில் மட்டும் ஏறியவர்களுக்கு இது புரியாது. கிரிட்ஸ்டோனில் கயிறு மாட்டப் பாறையில் நிரந்தர போல்ட் அடிக்கும் வழக்கம் இல்லை; அடித்தால் கிளப் பெயர் கெடும். ஆகவே உச்சியில் கயிறு தொங்கவிட, இயற்கையாகக் கிடைக்கும் பாறை இடுக்கிலும் குண்டுக்கல்லிலும் நங்கூரம் கட்ட வேண்டும். ஸ்டானெஜில் நல்ல குண்டுக்கல் பெரும்பாலும் விளிம்பிலிருந்து 6, 8 மீட்டர் உள்ளே இருக்கும். போய்வந்தால் 16 மீட்டர். இரண்டு நங்கூரப் புள்ளிக்கு 32. அதனால்தான் நீளாக்கயிறு 40 மீட்டர் கேட்கிறது. 20 மீட்டர் போதும் என்று எடுத்து வந்த கிளப்கள் ஸ்லிங்குகளை ஒன்றோடொன்று கோத்து நீட்டுவதைப் பார்க்கலாம். அப்படிச் செய்யவே கூடாது என்பதில்லை, ஆனால் முடிச்சும் சரிபார்ப்பும் இரட்டிப்பாகும்.

ஒரு நங்கூரத்துக்குக் குறைந்தது இரண்டு, இடுக்கில் நட்டு போன்ற உலோகத் துண்டு செருகினால் மூன்று தனித்தனிப் புள்ளிகள். அவற்றிலிருந்து வரும் கயிறுகள் ஒரே மையப் புள்ளியில் சேர வேண்டும். அந்தக் கயிறுகளுக்கு இடையிலான கோணம் 60 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கோணம் 120 டிகிரி ஆனால் ஒவ்வொரு புள்ளியும் முழு எடையையும் தாங்கும். பங்கிட்டதன் பயனே போய்விடும். மையப் புள்ளியில் இரண்டு திருகுக் காரபைனர்கள், வாய்கள் எதிரெதிராக. அந்த மையப் புள்ளி விளிம்பைத் தாண்டி அரை மீட்டராவது கீழே தொங்க வேண்டும்.

பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். மையப் புள்ளி விளிம்புக்கு உள்ளேயே நின்றால், ஏறுகயிறு பாறை ஓரத்தில் அறுத்துக்கொண்டே ஓடும். கயிறு தேயும், அதைவிட, கல் தேயும். கூட்டமான பகுதிகளில் உச்சி ஓரத்தில் விரல் ஆழத்துக்குக் கயிற்றுத் தடம் விழுந்திருப்பதைப் பார்க்கலாம். அந்தத் தடங்களில் பெரும்பாலானவை குழுக்கள் போட்டவை. நீளாக்கயிறு விளிம்பைத் தொடும் இடத்தில் கனமான துணிக் குழாயோ பழைய கம்பளத் துண்டோ வைக்க வேண்டும்; அந்தக் காப்பையும் சிறு கயிற்றால் கட்டி வைக்காவிட்டால் காற்றிலேயே நகர்ந்துவிடும்.

கயிறு கட்டுபவர் விளிம்பிலிருந்து இரண்டு மீட்டருக்குள் போகும்போதெல்லாம் தானும் கட்டியிருக்க வேண்டும். தேர்ந்தவர்கள் இதில் அசட்டை காட்டுவார்கள். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் புதியவர்கள் முதலில் பிடித்துக்கொள்வதும் அந்த அசட்டையைத்தான்.

பழகிய ஒருவருக்கு முதல் கயிற்றுக்கு 30 முதல் 40 நிமிடம், அடுத்ததுக்கு 25. மூன்று அனுபவசாலிகள் மூன்று பொட்டலத்தோடு தனித்தனியாகத் தொடங்கினால் முக்கால் மணி நேரத்தில் மூன்றும் தயார். இங்கே நடந்தது வேறு: மூவரும் முதல் நங்கூரத்தைச் சுற்றி நின்று, எந்த இடுக்கு நல்லது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

எந்தப் பாறை

பாப்புலர் எண்டுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. ஃபிளையிங் பட்ரஸ், ஹாலிபுஷ் கிராக், ஹெவன் கிராக் போன்ற எளிய, பேர்போன வழிகள் இங்கே இருக்கின்றன. பல்லாயிரம் காலணிகள் மிதித்துப் பிடிகள் கண்ணாடியாகிவிட்டன. சனிக்கிழமை மதியம் இவற்றில் வரிசை நிற்கும். வரிசையில் நிற்பவர்கள் கீழிருந்து தாங்களே கயிறு கொண்டுபோய் ஏறுபவர்கள். அவர்கள் வழியில் ஒரு கிளப் மேலிருந்து கயிறு தொங்கவிட்டு மூன்று மணி நேரம் பிடித்துவைத்தால் சண்டை வருவதில் நியாயம் இருக்கிறது.

குழுவுக்கு ஏற்றது வழிகாட்டி நூல் சிறந்தது என்று நட்சத்திரம் போடாத, 10, 12 மீட்டர் உயரமுள்ள, அடிவாரம் தட்டையான சுவர். அதே நூலில் டிஃப் முதல் சிவியர் வரை எளிய தரம் போட்ட மூன்று வழிகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் போதும். புதியவருக்கு வழியின் பெயர் முக்கியமில்லை. தொடங்கிய பத்து நிமிடத்தில் மேலே தொட்டுவிட்டோம் என்பதுதான் முக்கியம். 1949-இல் ஜோ பிரௌன் என்ற புகழ்பெற்ற ஏறுநர் ஏறிய ரைட் அன்கான்கரபிள் என்ற வழியை, காலையில் பிளாண்டேஷன் பக்கம் வரும்போது, கீழே நின்று காட்டலாம். 

காலை மழை பெய்திருந்தால் என்ன செய்வது என்பதை ரயிலிலேயே முடிவெடுத்திருக்க வேண்டும். ஸ்டானெஜ் தென்மேற்கு பார்த்தது. காற்றும் மதிய வெயிலும் சேர்ந்தால் சீக்கிரம் காயும். ஆனால் பச்சைப் பாசி படிந்த மூலை காயாது. நனைந்த கிரிட்ஸ்டோனில் உராய்வு போய்விடும். உராய்வு போனால் சாய்வுப் பாறையில் ஏறப் பிடியே இல்லை. மறுபுறம், புதியவர்கள் நினைப்பதற்கு நேர்மாறாக, இந்தக் கல்லுக்குக் குளிர்தான் ஏற்றது. வெயில் சுட்டால் விரல் வியர்த்து வழுக்கும்.

ஒரு முறைக்கு எத்தனை நிமிடம்

12 மீட்டர் சுவரில் ஒரு புதியவர் கயிறு கட்டி, சோதித்து, ஏறி, இறங்கி, அவிழ்க்கச் சராசரியாக 14 நிமிடம் வைக்கலாம். திட்டமிட்ட 165 நிமிடத்தில் ஒரு கயிற்றுக்கு 11 முறை, மூன்று கயிற்றுக்கு 33. சாப்பாடு, கயிறு சிக்கல், ஒருவர் பாதியில் நின்று யோசிப்பது எல்லாம் கழித்தால் 28. ஆளுக்கு இரண்டு முறை. இதற்கு மேல் வாக்குக் கொடுக்கக் கூடாது. நடைக்காரர்களிடம் “நாள் முழுக்க ஏறலாம்” என்று அழைப்பில் எழுதிவிட்டு இரண்டு முறை கொடுத்தால் ஏமாற்றம்தான். “இரண்டு முறை நிச்சயம்” என்று எழுதினால் அதே இரண்டு முறை நிறைவு தரும்.

நடந்த கணக்கில் ஒரு கயிறு 12:50 முதல், இன்னொன்று 13:20 முதல், மூன்றாவது 13:55 முதல். திட்டமிட்ட முடிவு நேரமான 15:30 வரை கூட்டினால் 385 கயிறு நிமிடம். வேண்டியது 495. குறைந்த 110 நிமிடத்தை மாலையில் ஈடுசெய்யப் பார்த்தார்கள். அதில் ஹிக்கர் டோர் போயிற்று.

காற்றில் நிற்கும் உடம்பு

நடக்கும்போது உடம்பு சூடு. ஹை நெப்பிலிருந்து வேகமாக நடந்து வந்தவரின் உள்சட்டை வியர்வையில் ஊறியிருக்கும். விளிம்பில் தென்மேற்குக் காற்று நேராக அடிக்கும். நின்ற பதினைந்தாவது நிமிடத்தில் அந்த ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சத் தொடங்கும். மூன்று பேருக்குப் பல் அடித்துக்கொண்டது இதனால்தான். வெப்பநிலை 12 டிகிரியே என்றாலும் நடக்கும்.

மருந்து சுலபம், வரிசைதான் முக்கியம். வந்து சேர்ந்ததும் முதலில் உலர்ந்த உள்சட்டை, அதன் மேல் கனமான மேற்சட்டை, பிறகு உணவு. தலைவர் சொல்லாமல் யாரும் செய்ய மாட்டார்கள், ஏனெனில் வந்த கணத்தில் யாருக்கும் குளிராது. காத்திருப்பவர்களை உச்சியில் நிறுத்தக் கூடாது. அடிவாரத்தில், பாறை மறைவில் உட்கார வைக்கலாம். ஆனால் கயிற்றுக்கு நேர் கீழே அல்ல, ஹெல்மெட் போட்டு. மேலே பாதையில் போகிற யாரோ ஒருவர் கால் தட்டிவிடும் சிறு கல் 15 மீட்டர் விழுந்தால் சிறு கல் அல்ல. ஆள் 6, 8 பேர் உட்காரும் காற்றுமறைப்பு உறை ஒன்று பையில் இருந்தது. யாரும் எடுக்கவில்லை. விபத்துக்கு என்று வைத்திருந்தார்களாம்.

கேஸ் அடுப்பில் தேநீர் போடும் ஆசை வரும். வறண்ட மூரில் தீ பீட் எனும் கரிச்சேற்றுக்குள் இறங்கிவிட்டால் நாள்கணக்கில் புகைந்துகொண்டே நகரும். 2018 ஜூனில் சாடல்வொர்த் மூர் எரிந்தபோது ராணுவத்தை அழைக்க வேண்டியிருந்தது. பிளாஸ்க் போதும்.

கயிற்றின் கீழ்முனை

பிலே பிடிப்பதில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது நீட்சி. ஏறுகயிறு ரப்பர் போல இழுபடும். ஒற்றைக் கயிற்றுக்கான ஐரோப்பியத் தரம் 80 கிலோ எடையில் 10 சதவீதம் வரை நீட்சியை அனுமதிக்கிறது. 12 மீட்டர் சுவரில், மேலே போய்த் திரும்பி வரும் கயிற்றின் நீளம் 24 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஏறுபவர் தரையிலிருந்து ஒன்றரை மீட்டரில் வழுக்கினால், கயிறு பிடித்திருந்தும் கால் தரையைத் தொடும். கணுக்கால் பிசகுவது இப்படித்தான். முதல் மூன்று மீட்டருக்குக் கயிறு விறைப்பாக இருக்க வேண்டும். ஏறுபவருக்கு அது பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை.

இரண்டாவது எடை வித்தியாசம். 55 கிலோ உள்ளவர் 90 கிலோ உள்ளவரைப் பிடித்தால் தூக்கப்படுவார். அவரைக் கீழே ஒரு குண்டுக்கல்லில் ஸ்லிங் போட்டுக் கட்டலாம், அல்லது பின்னால் ஒருவர் ஹார்னஸைப் பிடித்து நிற்கலாம். கல்லில் கட்டும்போது கல், பிலே பிடிப்பவர், கயிறு மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கவேண்டும்.

மூன்றாவது பேச்சு. கயிற்றை ஹார்னஸில் கட்டும் எட்டு வடிவ முடிச்சைப் பாதி போட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லித் திரும்பியவர், முடித்ததாக நினைத்து ஏறுவார். எத்தனையோ ஆண்டு அனுபவமுள்ளவர்களுக்கும் நேர்ந்தது இது. முடிச்சு போடுபவரிடம் யாரும் பேசக் கூடாது என்பதைக் கிளப் நாளில், எல்லோரும் உற்சாகமாகப் பேசும் நாளில், உரக்கச் சொல்லித்தான் ஆக வேண்டும். சோதனை ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில்: பட்டை, முடிச்சு, பிலே கருவி, காரபைனர் திருகு, ஹெல்மெட். கண்ணால் மட்டும் பார்க்காமல் கையால் தொட்டு.

காலணி அடியில் கரிச்சேறு ஒட்டியிருந்தால் பாறையில் வைக்கும் முன் துடைக்க வேண்டும். சேற்றில் இருக்கும் மணல் துகள்தான் பிடிகளை வழவழப்பாக்குகிறது. கயிற்றுக்கு அடியில் ஒரு பழைய துணி விரிப்பு, காலுக்கு ஒரு சிறு மிதியடி. எடை அரைக்கிலோ.

பிரிந்த இரண்டு குழுக்கள்

ஹை நெப் போன எட்டுப் பேரிடம் வரைபடம் இருந்தது: ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஓஎல்1, டார்க் பீக். முதலுதவிப் பெட்டி இல்லை. ஒரே பெட்டி, அது கயிறு கட்டப் போனவர்களிடம். பிரியும் கூட்டத்துக்கு எல்லாம் இரண்டிரண்டு வேண்டும்: வரைபடம், திசைகாட்டி, முதலுதவி, விசில், காற்றுமறைப்பு உறை. மூடுபனி இறங்கினால் விளிம்போரப் பாதையில் வழி தவறாது, ஆனால் விளிம்பு தெரியாது. அப்போது பாதையை விட்டு உள்பக்கம் ஐந்து மீட்டர் தள்ளி நடக்க வேண்டும். பிரியும்போதும் சேரும்போதும் தலை எண்ண வேண்டும். “எல்லாரும் இருக்கீங்களா?” என்று கேட்பது எண்ணுவது ஆகாது, இல்லாதவர் பதில் சொல்ல மாட்டார்.

அடிபட்டால் 999 அழைத்து முதலில் போலீஸ் என்றும் பிறகு மலை மீட்பு என்றும் கேட்க வேண்டும். நேராக ஆம்புலன்ஸ் கேட்டால் வண்டி சாலையில் வந்து நிற்கும். இந்தப் பகுதிக்கு வருவது எடேல் மலை மீட்புக் குழு, எல்லாருமே தன்னார்வலர்கள். அவர்களிடம் ஸ்டானெஜ் என்று மட்டும் சொன்னால் ஐந்தாறு கிலோமீட்டரில் தேட வேண்டும். பாறை முகப்பின் பெயரையும், அடிவாரமா உச்சியா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சில மடிப்புகளில் அலைபேசி சிக்னல் விட்டுவிட்டு வரும். 999-க்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வசதி உண்டு, ஆனால் முன்கூட்டியே பதிவு செய்திருந்தால்தான். விசில் என்றால் நிமிடத்தில் ஆறு முறை, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு.

மாலை

15:30-க்கு நிறுத்துவது என்று எழுதியிருந்தார்கள். 15:30-க்கு ஐந்து பேர் இரண்டாவது முறைக்குக் காத்திருந்தார்கள். நிறுத்த யாருக்கும் மனம் வரவில்லை. அந்த இடத்தில் சரியான வழி கயிற்றை ஒவ்வொன்றாக மூடுவது: 15:00-க்கு ஒன்றை அவிழ்க்கத் தொடங்கி, ஏறி முடித்த ஆறேழு பேரை நடைத் தலைவரோடு ஹிக்கர் டோர் அனுப்பிவிட வேண்டும். மீதிப்பேர் முடித்துக்கொண்டு ஹூக்ஸ் கார் வழியாக நேரே இறங்கலாம். இரு குழுவும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் ஊரில் சேரும். காலையில் பிரிந்த கூட்டம் மாலையிலும் பிரியலாம் என்பது யாருக்கும் தோன்றவில்லை. நடைக்காரர்கள் வந்தது நடக்க. அவர்களுடைய நாளின் மிக அழகான கடைசி 6 கிலோமீட்டர், ஏறுபவர்களுடைய வரிசைக்குப் பலியாயிற்று.

கயிறு அவிழ்க்கும்போது ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு சீட்டு இருந்தால் எண்ணிச் சேர்க்கலாம். இல்லாவிட்டால் ஒரு ஸ்லிங்கோ இரண்டு காரபைனரோ உச்சியில் குண்டுக்கல்லின் பின்பக்கம் தங்கிவிடும். ரயிலில்தான் ஞாபகம் வரும். தலைவிளக்கு ஆளுக்கொன்று, ஏழு மணிக்கு முன் திரும்பும் திட்டமானாலும். வீட்டுக்கு வந்ததும் கால்சட்டையைக் கழற்றி முழங்கால் மடிப்பிலும் இடுப்பிலும் உண்ணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரணிச் சரிவில் உட்கார்ந்தவர்களுக்கு இது அவசியம். இருந்தால் நுண்ணிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். முறுக்கக் கூடாது, எண்ணெய் தடவக் கூடாது. அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவந்து பரவினால் மருத்துவரிடம் மூர் போன தேதியையும் சொல்ல வேண்டும்.

ஈரமான கயிறுகளை நிழலில், தளர்வாக, கொடியில் போட்டுக் காயவைக்க வேண்டும். அடுத்த நாளுக்கான மூன்று பொட்டலத்தையும் சீட்டோடு கட்டிவைக்க ஏற்ற நேரம் அவை காய்ந்த அன்று மாலைதான்.